பெஞ்ச் டிசி பவர் சப்ளையைப் பாதுகாப்பாகக் கையாளுதல்: முழுமையான வழிகாட்டி

பெஞ்ச் பவர் சப்ளை என்பது நாம் வைக்கும் வோல்டேஜில் டிசி மின்சாரம் தரும் மேசைக் கருவி. அதன் முகப்பில் இரண்டு குமிழ்கள் உண்டு. ஒன்று வோல்டேஜுக்கு, மற்றொன்று கரண்டுக்கு. புதிதாகப் பழகுபவர்களின் கவனம் முழுக்க வோல்டேஜ் குமிழிலேயே இருக்கும். கரண்ட் குமிழை எப்போதோ யாரோ கடைசிவரை திருகி வைத்திருப்பார்கள். அது அப்படியே கிடக்கும். அந்த நிலையில் ஒரே ஒரு வயர் இடம் மாறினால் போதும், 30 வோல்ட் 5 ஆம்பியர் சப்ளை தன்னால் முடிந்த 5 ஆம்பியரையும் அந்தத் தவறான வழியில் கொட்டும். போர்டில் உள்ள செம்புக் கோடு கருகிப் புகை வந்த பிறகுதான் தெரியும்.

கரண்ட் குமிழைச் சரியாக வைக்கப் பழகுங்கள். அதோடு, எந்தெந்த இடங்களில் அது காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தக் கருவியில் பாதுகாப்பு என்பது பெரும்பாலும் இந்த இரண்டும்தான்.

சி.வி. விளக்கும் சி.சி. விளக்கும்

கரண்ட் குமிழ் கரண்டைத் தள்ளுவதில்லை. "இதற்கு மேல் விடாதே" என்று கூரை போடுவது மட்டுமே அதன் வேலை. எவ்வளவு கரண்ட் ஓட வேண்டும் என்பதை லோடுதான், அதாவது நீங்கள் இணைக்கும் பாகமோ போர்டோதான், முடிவு செய்கிறது. 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று வைத்துவிட்டு 10 ஓம் ரெசிஸ்டரை இணைத்தால் 1.2 ஆம்பியர் ஓடும். கூரை 2 ஆம்பியர் என்பதால் அது தொடப்படவே இல்லை. வோல்டேஜ் 12-இல் நிலையாக நிற்கும், சி.வி. (கான்ஸ்டன்ட் வோல்டேஜ்) விளக்கு எரியும். அதே ரெசிஸ்டருக்கு லிமிட்டை 1 ஆம்பியருக்குக் குறைத்தால் கரண்ட் 1 ஆம்பியரில் நிற்கும். அந்தக் கரண்டுக்கு 10 ஓம் தடையில் 10 வோல்ட்தான் விழும் என்பதால் வோல்டேஜ் 10-க்கு இறங்கிவிடும். இப்போது எரிவது சி.சி. (கான்ஸ்டன்ட் கரண்ட்) விளக்கு.

சி.வி.யில் இருக்க வேண்டிய வேலையில் சி.சி. விளக்கு எரிந்தால், நீங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாக ஏதோ இழுக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் லிமிட்டை உயர்த்தத்தான் கை போகும். அதைச் செய்யாதீர்கள். அவுட்புட்டை அணைத்துவிட்டு, ஏன் என்று பாருங்கள். ஷார்ட் இருக்கலாம், துருவம் மாறியிருக்கலாம், ஐ.சி. தலைகீழாகச் செருகப்பட்டிருக்கலாம். எல்லாம் சரியாக இருந்து, தொடக்க நொடியில் மட்டும் கெப்பாசிட்டர்கள் நிரம்ப இழுத்திருந்தால் அதுவும் தெரிந்துவிடும்: விளக்கு ஒரு கணம் சி.சி.க்குப் போய்விட்டுத் தானாகத் திரும்பும்.

சில சப்ளைகளில் ஓ.சி.பி. (ஓவர் கரண்ட் புரொடெக்ஷன்) என்று தனியாக ஒரு வசதி இருக்கும். சி.சி. என்பது கரண்டைப் பிடித்து நிறுத்தி, அதே அளவில் விட்டுக்கொண்டே இருக்கும். ஓ.சி.பி. லிமிட்டைத் தொட்டதும் அவுட்புட்டையே துண்டித்துவிடும். ஆளில்லாமல் நீண்ட நேரம் ஓடும் சோதனைக்கு ஓ.சி.பி.யும், எதிரே உட்கார்ந்து பழுது பார்க்கும் வேலைக்கு சி.சி.யும் பொருத்தம். 1 ஆம்பியரில் பிடித்து நிறுத்தினாலும் அந்த 1 ஆம்பியர் ஒரு சிறிய ரெகுலேட்டரைச் சுட்டுப் பொசுக்கப் போதுமானது என்பதை மறக்க வேண்டாம்.

பிளக்கைச் செருகும் முன்

பின்புறம் பாருங்கள். பல சப்ளைகளில் 115 / 230 என்று மாற்றும் சுவிட்ச் உண்டு. உங்கள் இடத்து மின்சாரம் 230 வோல்ட்டாக இருந்து சுவிட்ச் 115-இல் இருந்தால், செருகிய கணமே ஃபியூஸ் போகும். பெரும்பாலும் உள்ளே வேறு பாகங்களும் சேர்ந்து போகும். புதிதாக வந்த கருவியிலும், பிறரிடமிருந்து வாங்கிய கருவியிலும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்று முனை பிளக்கின் எர்த் முனையை வெட்டாதீர்கள். எர்த் இல்லாத அடாப்டரில் செருகவும் வேண்டாம். உள்ளே டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு என்றாவது உடைந்தால் உலோகப் பெட்டிக்கு மெயின்ஸ், அதாவது சுவர் பிளக்கின் மின்சாரம், வரும். அப்போது ஃபியூஸை ஊதி உங்களைக் காப்பாற்றுவது அந்த எர்த் வயர்தான்.

காற்றுத் துளைகளைச் சுற்றி ஒரு கையகல இடமாவது விடுங்கள், சப்ளையின் மேல் புத்தகம் அடுக்காதீர்கள். லீனியர் வகைக்கு இது மிக முக்கியம். அது தேவையற்ற வோல்டேஜை வெப்பமாகத்தான் கழிக்கிறது. உள்ளே 40 வோல்ட் இருக்க, வெளியே 3.3 வோல்ட்டில் 3 ஆம்பியர் எடுத்தால், உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் ஏறக்குறைய 110 வாட்டை விழுங்க வேண்டும். பல சப்ளைகள் வோல்டேஜுக்கு ஏற்ப டிரான்ஸ்ஃபார்மரின் டேப்பை (சுருளில் வோல்டேஜ் எடுக்கும் இடத்தை) ரிலேயால் மாற்றி இந்தச் சுமையைக் குறைக்கின்றன. குமிழைத் திருகும்போது கேட்கும் "டிக்" சத்தம் அந்த ரிலேதான், பழுதல்ல. குறைந்த வோல்டேஜில் அதிகக் கரண்ட் எடுப்பதே லீனியர் சப்ளைக்கு மிகக் கடுமையான வேலை. அதிக வோல்டேஜில்தான் அது திணறும் என்று பலர் தலைகீழாக நினைத்துக்கொள்கிறார்கள்.

வயர்கள்

சப்ளைக்கு எவ்வளவு செலவிட்டாலும் அதன் முனையில் மெல்லிய முதலை கிளிப் வயரை மாட்டினால் பயனில்லை. பல வண்ணங்களில் கொத்தாக வரும் அந்த வயர்களில் உலோக இழைகள் மிகக் குறைவு. கிளிப்போடு சேரும் இடம் சாலிடர் இல்லாமல் வெறுமனே நசுக்கப்பட்டிருக்கும். ஒரு வயருக்கு அரை ஓம் தடை என்று வைத்துக்கொண்டால், போக ஒன்று வர ஒன்று என ஜோடிக்கு 1 ஓம். 2 ஆம்பியர் எடுத்தால் 2 வோல்ட் வயரிலேயே விழும், 4 வாட் வெப்பமாகும். திரையில் 5.00 என்று காட்டும், போர்டுக்கோ 3 வோல்ட்தான் வந்து சேரும். போர்டு அடிக்கடி ரீசெட் ஆகிறது என்று புரோகிராமில் பிழை தேடுபவர்கள் முதலில் போர்டின் முனையில் மல்டிமீட்டரை வைத்துப் பார்க்கட்டும்.

5 ஆம்பியர் வரையிலான வேலைக்கு 1 முதல் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில், 4 மில்லிமீட்டர் பனானா பிளக் வைத்து, இரண்டு நிறத்தில் ஒரு ஜோடி செய்து வைத்துக்கொள்ளுங்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக்கு மீட்டருக்குச் சுமார் 11.5 மில்லி ஓம். 1 மீட்டர் ஜோடியில் 5 ஆம்பியர் போனால் வயரில் விழுவது 0.12 வோல்ட்தான். சிவப்பு பிளஸுக்கு, கருப்பு மைனஸுக்கு. வேறு நிறம் கையில் கிடைத்தது என்று மாற்றி மாட்டுவது பின்னொரு நாள் போர்டு எரியக் காரணமாகும்.

வயரின் தடையை அளக்க தனிக் கருவி தேவையில்லை. லிமிட்டை 1 ஆம்பியரில் வைத்து, வோல்டேஜை 2 வோல்ட் அளவில் வைத்து, இரண்டு வயர்களின் முனைகளையும் ஒன்றோடொன்று கடித்து அவுட்புட்டைப் போடுங்கள். சப்ளை சி.சி.க்குப் போகும். 1 ஆம்பியர் ஓடும்போது திரையில் தெரியும் வோல்ட்தான் ஓம் கணக்கில் ஜோடியின் மொத்தத் தடை. 0.05 என்று காட்டினால் 50 மில்லி ஓம். 0.3-க்கு மேல் காட்டினால் அந்த ஜோடியைச் சிறிய கரண்ட் வேலைகளுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

இணைக்கும் வரிசை

வரிசைதான் இங்கே பாதுகாப்பு. அவசரத்திலும் இதை மாற்ற வேண்டாம்.

1. லோடு எதுவும் இணைக்காமல் மெயின்ஸ் சுவிட்சைப் போடுங்கள். அவுட்புட் பொத்தான் அணைந்திருக்க வேண்டும்.

2. வோல்டேஜை வையுங்கள். திரையில் பார்ப்பதோடு நிற்காமல், தெரியாத சப்ளையாக இருந்தால் அவுட்புட்டைப் போட்டு மல்டிமீட்டரால் முனைகளில் ஒருமுறை அளந்துவிட்டு மீண்டும் அணையுங்கள்.

3. கரண்ட் லிமிட்டை வையுங்கள். டிஜிட்டல் வகையில் எண்ணை நேரடியாக இடலாம். குமிழ் மட்டுமே உள்ள பழைய வகையில் கரண்ட் குமிழை முழுக்கக் குறைத்து, வோல்டேஜை 2 அல்லது 3 வோல்ட்டில் வைத்து, பிளஸையும் மைனஸையும் தடிமனான வயரால் ஷார்ட் செய்து, திரையில் வேண்டிய கரண்ட் வரும்வரை கரண்ட் குமிழை மெல்ல ஏற்றுங்கள். பிறகு ஷார்ட்டை எடுத்துவிட்டு வோல்டேஜைத் திரும்ப வேண்டிய அளவுக்கு வையுங்கள். சி.சி. வசதி உள்ள சப்ளைக்கு இந்த ஷார்ட் எந்தத் தீங்கும் செய்யாது.

4. ஓ.வி.பி. (வோல்டேஜ் வைத்த எல்லையைத் தாண்டினால் அவுட்புட்டைத் துண்டிக்கும் வசதி) இருந்தால், அதை வேலை செய்யும் வோல்டேஜுக்கு 10 விழுக்காடு மேலே வையுங்கள். 5 வோல்ட் போர்டுக்கு 5.5. கை பட்டுக் குமிழ் சுழன்றால் போர்டைக் காப்பது இதுதான். கரண்ட் லிமிட் அங்கே பெரிதாக உதவாது.

5. அவுட்புட் அணைந்த நிலையில் மைனஸை முதலில், பிளஸைப் பிறகு போர்டில் இணையுங்கள். துருவத்தை மறுபடி பாருங்கள். திருப்பி வைத்த எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் வெடிக்கும், டான்டலம் கெப்பாசிட்டர் தீப்பிடிக்கும். முதல்முறை பவர் கொடுக்கும்போது முகத்தைப் போர்டுக்கு நேர் மேலே வைக்காதீர்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணியுங்கள்.

6. அவுட்புட்டைப் போடுங்கள். விரலைப் பொத்தானிலேயே வைத்துக்கொண்டு, கண்ணை கரண்ட் எண்ணில் வையுங்கள். முதல் 2 நொடிகளில் தெரிவதுதான் பெரும்பாலும் முழுக் கதையும்.

நிறுத்தும்போது இதே வரிசை தலைகீழாக: அவுட்புட்டை அணைத்து, திரையில் வோல்டேஜ் இறங்கியதைப் பார்த்து, பிளஸைக் கழற்றி, மைனஸைக் கழற்றி, கடைசியில் மெயின்ஸ். லோடை இணைத்து வைத்துக்கொண்டு மெயின்ஸ் சுவிட்சால் போட்டு அணைக்கும் பழக்கம் கூடாது. சில சப்ளைகளில் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று முழுதாக விழிப்பதற்கு முன்போ அணையும்போதோ அவுட்புட்டில் ஒரு கணம் வோல்டேஜ் எகிறும். அவுட்புட் பொத்தான் இல்லாத மாதிரியாக இருந்தால், மெயின்ஸைப் போட்டுச் சில நொடிகள் கழித்தே பிளஸ் வயரைச் செருகுங்கள்.

லிமிட்டை எவ்வளவில் வைப்பது

சாதாரண போர்டுக்கு எதிர்பார்க்கும் கரண்டைப் போல ஒன்றரை மடங்கு. 80 மில்லி ஆம்பியர் எடுக்க வேண்டிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டுக்கு 120. எவ்வளவு எடுக்கும் என்று தெரியாத புதிய போர்டுக்கு 50 மில்லி ஆம்பியரில் தொடங்கி, சி.சி. விளக்கு எரிந்தால் என்ன நடக்கிறது என்று பார்த்துக்கொண்டே படிப்படியாக ஏற்றுங்கள்.

வோல்டேஜைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றுவது பாதுகாப்பு என்றொரு நம்பிக்கை உண்டு. ரெசிஸ்டர், எல்.இ.டி., எளிய டிரான்சிஸ்டர் சுற்றுகளுக்கு அது சரி. டிசி-டிசி கன்வெர்ட்டர் (ஒரு டிசி வோல்டேஜை வேறொரு டிசி வோல்டேஜாக மாற்றும் சுற்று) உள்ள போர்டுக்கு அது தவறு. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும். கன்வெர்ட்டர் தன் அவுட்புட்டில் குறிப்பிட்ட வாட்டைக் கொடுத்தே தீரும். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர், அதாவது 10 வாட் கொடுக்க வேண்டுமென்றால், 90 விழுக்காடு திறனில் உள்ளே 11 வாட்டுக்குச் சற்று மேல் வேண்டும். 12 வோல்ட்டில் அது 0.93 ஆம்பியர். 6 வோல்ட்டில் 1.85 ஆம்பியர். வோல்டேஜ் குறையக் குறைய அதிகக் கரண்ட் கேட்கும்.

இப்போது லிமிட்டை 1.2 ஆம்பியரில் வைத்திருக்கிறீர்கள் என்று கொள்ளுங்கள். தொடக்கத்தில் வோல்டேஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே கன்வெர்ட்டர் விழித்து 1.2-க்கு மேல் கேட்கிறது. சப்ளை சி.சி.க்குப் போய் வோல்டேஜைக் கீழே இழுக்கிறது. வோல்டேஜ் குறைந்ததால் கன்வெர்ட்டர் இன்னும் அதிகம் கேட்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு 4, 5 வோல்ட்டில் அப்படியே நின்றுவிடும், அல்லது விட்டுவிட்டுத் துடிக்கும். போர்டில் ஷார்ட் போலவே தெரியும், ஆனால் ஷார்ட் எதுவும் இல்லை. இத்தகைய போர்டுக்கு முதலில் கன்வெர்ட்டரின் லோடைக் கழற்றிவிட்டுக் குறைந்த லிமிட்டில் சோதியுங்கள். அது நன்றாக ஓடினால் லோடை இணைத்து, வழக்கமான கரண்டைப் போல 2 முதல் 3 மடங்கு லிமிட் கொடுத்து, முழு வோல்டேஜை ஒரேயடியாக அவுட்புட் பொத்தானால் போடுங்கள்.

உண்மையிலேயே ஷார்ட் உள்ள போர்டில் அதைத் தேடவும் இதே குமிழ் உதவும். ஷார்ட் ஆன பவர் கோட்டில் 1 வோல்ட்டைத் தாண்டாமல், 1 ஆம்பியர் லிமிட்டோடு கொடுத்துச் சில நொடிகள் விடுங்கள். போர்டில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தடவியிருந்தால், பழுதான பாகம் இருக்கும் இடத்தில் அது முதலில் உலரும். அந்தக் கோட்டின் இயல்பான வோல்டேஜுக்கு மேல் ஒருபோதும் வைக்காதீர்கள். ஷார்ட் திடீரென்று விலகினால் சப்ளை அந்த முழு வோல்டேஜுக்கும் தாவும், நல்ல ஐ.சி.க்களும் போய்விடும்.

லிமிட் காப்பாற்றாத இடங்கள்

சப்ளையின் அவுட்புட் முனைகளுக்குக் குறுக்கே உள்ளே ஒரு கெப்பாசிட்டர் இருக்கிறது, பெரும்பாலும் சில நூறு மைக்ரோஃபாரட். கரண்டைக் கட்டுப்படுத்தும் சுற்று அந்தக் கெப்பாசிட்டருக்கு முன்னால் நிற்கிறது. ஆகவே கெப்பாசிட்டரில் ஏற்கெனவே நிரம்பியிருக்கும் மின்சாரத்தை அதனால் தடுக்க முடியாது. 30 வோல்ட்டில் 470 மைக்ரோஃபாரட் என்றால் 0.2 ஜூல். லிமிட் 20 மில்லி ஆம்பியர் என்று வைத்துவிட்டு, அவுட்புட் போட்ட நிலையிலேயே ஒரு எல்.இ.டி.யைத் தொட்டால், அது ஒரு மின்னல் மின்னி இறந்துவிடும். லிமிட் வைத்துமா போனது என்று பலரும் குழம்புவது இங்கேதான். எல்.இ.டி., லேசர் டயோடு போன்றவற்றை எப்போதும் அவுட்புட் அணைந்த நிலையில் இணைத்து, வோல்டேஜை அந்தப் பாகத்துக்குத் தேவையானதற்குச் சற்று மேலே மட்டும் வைத்து, தொடரில் ஒரு ரெசிஸ்டரும் போடுங்கள். 5 வோல்ட்டிலிருந்து 10 மில்லி ஆம்பியரில் 2 வோல்ட் எல்.இ.டி.க்கு 300 ஓம்.

தவறான வோல்டேஜையும் லிமிட் முழுதாகத் தடுக்காது. 3.3 வோல்ட் ஐ.சி.க்கு 12 வோல்ட் போனால், 100 மில்லி ஆம்பியர் லிமிட் இருந்தாலும் உள்ளே காப்பு உடைய அதுவே போதும். நினைவகப் பொத்தான்கள் உள்ள சப்ளையில் கூடுதல் எச்சரிக்கை தேவை. அவுட்புட் போட்டிருக்கும்போது தவறான பொத்தானை அழுத்தினால் பல மாதிரிகளில் அதில் முன்பு சேமித்து வைத்த 24 வோல்ட் உடனே போர்டுக்குப் போய்விடும். பூட்டுப் பொத்தான் இருந்தால் வோல்டேஜ் வைத்தவுடன் அழுத்திவிடுங்கள். பலர் பகிரும் ஆய்வகத்தில் முந்தையவர் விட்டுப்போன அளவை நம்பாமல் ஒவ்வொரு முறையும் புதிதாக வையுங்கள்.

இரண்டு அல்லது மூன்று அவுட்புட் உள்ள சப்ளையில் "நிலையான 5 வோல்ட்" என்று ஒரு முனை வரும். பல மாதிரிகளில் அதற்கு நீங்கள் மாற்றக்கூடிய லிமிட் கிடையாது; 3 ஆம்பியர் தாண்டினால்தான் அது தடுக்கும். புதிய போர்டை முதன்முறை ஓட்ட அதைப் பயன்படுத்தாதீர்கள். மாற்றக்கூடிய அவுட்புட்டையே 5-இல் வைத்துப் பயன்படுத்துங்கள்.

யு.எஸ்.பி. வழியாகக் கணினியிலிருந்து பவர் வாங்கும் போர்டுக்குக் கூடவே சப்ளையும் கொடுத்தால், இரண்டில் எது உயர்ந்ததோ அது மற்றதற்குள் கரண்டைத் தள்ளப் பார்க்கும். போர்டில் அதைத் தடுக்கும் டயோடு இருக்கிறதா என்று பார்க்காமல் இரண்டையும் சேர்க்க வேண்டாம்.

எர்த் முனை எதற்கு

சிவப்பு, கருப்பு, பச்சை என்று மூன்று முனைகள். பச்சை, பெட்டியோடும் மெயின்ஸ் எர்த்தோடும் சேர்ந்தது. சிவப்பும் கருப்பும் எர்த்தோடு சேராமல் மிதக்கின்றன. கருப்பு என்றால் எர்த் என்று எடுத்துக்கொள்வது அடிப்படைத் தவறு.

மிதப்பதால் நன்மை உண்டு. பிளஸைப் பொதுமுனையாக வைத்து மைனஸ் வோல்டேஜ் எடுக்கலாம், இரண்டு அவுட்புட்டைத் தொடரில் போடலாம். சிக்கல் எங்கே வருகிறதென்றால், ஆஸிலோஸ்கோப்பின் (வோல்டேஜ் அலையைத் திரையில் காட்டும் கருவியின்) புரோபில் உள்ள சிறிய கிளிப் அதன் மெயின்ஸ் வயர் வழியாக எர்த்தோடு சேர்ந்திருக்கும். சப்ளையின் மைனஸைப் பச்சையோடு இணைத்துவிட்டு, ஸ்கோப் கிளிப்பைச் சுற்றில் வேறொரு இடத்தில் கடித்தால், அந்த இடத்தை மைனஸோடு ஷார்ட் செய்துவிட்டீர்கள். கரண்ட் ஸ்கோப்பின் எர்த் வழியாகவே ஓடும். ஸ்கோப் கிளிப் எங்கே கடிக்கிறதோ அதே புள்ளிதான் எர்த் என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு, மற்ற எர்த் இணைப்புகளை அதற்கேற்ப வையுங்கள்.

மிதக்கும் அவுட்புட்டுக்கும் எர்த்துக்கும் இடையே எவ்வளவு வோல்ட் வரை தாங்கும் என்று முகப்பிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். அதைத் தாண்டி வேறொரு உயர் வோல்டேஜ் சுற்றின் மேல் சப்ளையை ஏற்றக் கூடாது.

இரண்டு அவுட்புட்டைச் சேர்ப்பது

தனித்தனி நிலையில் இரண்டு அவுட்புட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்றிலிருந்து 12, மற்றொன்றிலிருந்து 5 என ஒரே சுற்றுக்கு எடுக்கும்போது இரண்டு மைனஸையும் ஒரு வயரால் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் சிக்னல் திரும்ப வழியின்றி, அளவீடுகள் அர்த்தமில்லாமல் ஆடும்.

தொடர் நிலையில் முதல் அவுட்புட்டின் மைனஸும் இரண்டாவதின் பிளஸும் சேரும். அந்தச் சந்திப்பை நடுவாக வைத்தால் ஆப்-ஆம்ப் என்ற பெருக்கி ஐ.சி.க்குத் தேவையான பிளஸ்-மைனஸ் 12 கிடைக்கும். இரண்டு 30 வோல்ட்டும் முழுதாக ஏற்றினால் 60 வோல்ட். ஆய்வகக் கருவிகளின் பாதுகாப்புக்கான ஐ.இ.சி. 61010-1 தரநிலை உலர்ந்த சூழலில் 60 வோல்ட் டிசிக்கு மேல் உள்ளதை ஆபத்தானதாகக் கருதுகிறது. ஈரமான இடத்துக்கு அந்த எல்லை 35 வோல்ட்தான். ஆகவே தொடரில் போட்டதும் வெறும் முதலை கிளிப்பை விட்டுவிட்டு, உறையிட்ட பனானா பிளக்குக்கு மாறுங்கள். இணை நிலையில் கரண்ட் இரட்டிப்பாகும். எந்த முனையிலிருந்து எடுக்க வேண்டும் என்பது மாதிரிக்கு மாதிரி மாறும், முகப்பில் எழுதியிருக்கும். இந்தத் தொடர்-இணைப் பொத்தான்களை அவுட்புட் போட்ட நிலையில் ஒருபோதும் அழுத்தாதீர்கள்.

குறைந்த வோல்டேஜ் என்பதால் மோதிரத்தையும் உலோகக் கைக்கடிகாரத்தையும் மறந்துவிட வேண்டாம். 5 வோல்ட் 30 ஆம்பியர் சப்ளை ஷாக் அடிக்காது. ஆனால் முனைகளுக்குக் குறுக்கே மாட்டிய மோதிரம் நொடியில் சிவந்து விரலைச் சுடும்.

மோட்டார், ரிலே

வழக்கமான பெஞ்ச் சப்ளை கரண்டைக் கொடுக்கும், வாங்கிக்கொள்ளாது. மோட்டார் ஓட்டத்தில் இருக்கும்போது வோல்டேஜைச் சட்டென்று குறைத்தால் மோட்டார் ஜெனரேட்டராக மாறிக் கரண்டைத் திருப்பித் தள்ளும். போக வழியில்லாமல் அவுட்புட் வோல்டேஜ் ஏறும். ஓ.வி.பி. அணைத்தால் நல்ல காலம். சப்ளைக்கும் மோட்டாருக்கும் இடையே பிளஸ் வயரில் ஒரு ஷாட்கி டயோடைத் (குறைந்த வோல்டேஜே இழக்கும் டயோடு வகை) தொடரில் போடுங்கள். 3 ஆம்பியருக்கு 1என்5822 போதும். பிளஸுக்கும் மைனஸுக்கும் குறுக்கே, கோடு போட்ட முனை பிளஸைப் பார்க்குமாறு இன்னொரு டயோடு. ரிலே சுருளுக்கு அதன் குறுக்கே 1என்4007 டயோடு.

மோட்டார் கிளம்பும்போது ஓட்டக் கரண்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். லிமிட் அதற்குக் கீழே இருந்தாலும் தவறில்லை. மோட்டார் மெதுவாகக் கிளம்பும், அவ்வளவுதான். ஆனால் அதே சப்ளையில் கட்டுப்பாட்டுப் போர்டும் இருந்தால், வோல்டேஜ் சரியும் அந்தக் கணத்தில் போர்டு ரீசெட் ஆகும். இரண்டுக்கும் தனி அவுட்புட் கொடுங்கள்.

பேட்டரி சார்ஜ் செய்யும்போது

சி.சி.-சி.வி. இருப்பதால் பெஞ்ச் சப்ளை பேட்டரி சார்ஜராகவும் வேலை செய்யும். எச்சரிக்கை மிக அதிகம் தேவைப்படும் வேலையும் இதுதான், ஏனெனில் இங்கே லோடுக்கே சொந்த சக்தி இருக்கிறது.

துருவம் மாற்றி இணைத்தால், சப்ளையின் அவுட்புட்டில் தலைகீழ் வோல்டேஜைத் தடுக்க வைத்த டயோடு வழியாகப் பேட்டரியின் கரண்ட் முழுதும் பாயும். அது பேட்டரியின் கரண்ட். சப்ளையின் லிமிட்டுக்கு அங்கே வேலையில்லை. அதனால் பேட்டரியின் பிளஸை ஒட்டியே ஒரு ஃபியூஸ் கட்டாயம். 1 ஆம்பியரில் சார்ஜ் செய்ய 2 ஆம்பியர் ஃபியூஸ்.

3.7 வோல்ட் என்று குறித்த வழக்கமான லித்தியம்-அயன் செல்லுக்கு உச்சம் 4.20 வோல்ட். திரையை நம்பாமல் மல்டிமீட்டரால் வைத்துக்கொள்ளுங்கள், 0.05 வோல்ட் கூடினாலும் செல்லுக்குக் கேடு. 2000 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு லிமிட் 1 ஆம்பியர். முதலில் சி.சி.யில் ஓடி, 4.20-ஐத் தொட்டதும் சி.வி.க்கு மாறிக் கரண்ட் குறையத் தொடங்கும். 100 மில்லி ஆம்பியருக்கு இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். சப்ளை தானாக நிறுத்தாது. 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கிய செல்லுக்கு முதலில் 200 மில்லி ஆம்பியருக்கு மேல் கொடுக்காதீர்கள். 2 வோல்ட்டுக்கும் கீழே போய்விட்டதை உயிர்ப்பிக்க முயல வேண்டாம். 0 டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யவே கூடாது. தொடரில் உள்ள பல செல்களை சமநிலைச் சுற்று இல்லாமல் இப்படி சார்ஜ் செய்யாதீர்கள். மொத்தம் சரியாக இருக்க, ஒரு செல் மட்டும் எல்லை தாண்டியிருக்கும்.

மின்தடை ஏற்பட்டால் பேட்டரி சப்ளைக்குள் திரும்பப் பாயும் என்பதால் தொடரில் ஷாட்கி டயோடு போடச் சொல்வார்கள். ஈய-அமில பேட்டரிக்கு நல்ல யோசனை. லித்தியத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 1 ஆம்பியரில் டயோடில் 0.4 வோல்ட் விழுகிறது என்று சப்ளையை 4.6-க்கு ஏற்றினால், கடைசியில் கரண்ட் குறையும்போது டயோடின் இழப்பும் குறையும், செல் 4.20-ஐத் தாண்டிவிடும். டயோடு போட்டால் சப்ளையை 4.20-லேயே விடுங்கள். சார்ஜ் முழுதாக ஏறாது, ஆனால் பாதுகாப்பாக இருக்கும்.

12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிக்கு 14.4 வோல்ட், 0.7 ஆம்பியர், நிரந்தரமாக இணைத்தே வைக்க 13.6 முதல் 13.8. ஹைட்ரஜன் வரும், காற்றோட்டம் வேண்டும், கிளிப்பைக் கழற்றும் முன் அவுட்புட்டை அணைத்துத் தீப்பொறியைத் தவிர்க்க வேண்டும். நிக்கல்-மெட்டல் ஹைட்ரைடு செல்களை இந்த முறையில் சார்ஜ் செய்யாதீர்கள். அவற்றின் முடிவை வோல்டேஜ் எல்லையால் கண்டுபிடிக்க முடியாது. எந்தப் பேட்டரியானாலும், சார்ஜ் ஏறும் வரை அறையை விட்டுப் போகக் கூடாது.

சென்ஸ் முனைகள்

சில சப்ளைகளில் கூடுதலாக இரண்டு சிறிய முனைகள் இருக்கும். அவற்றிலிருந்து தனி வயர் எடுத்து லோடின் அருகே இணைத்தால், வயரில் விழும் இழப்பைச் சப்ளை தானே ஈடுகட்டும். அந்த வயர் கழன்றால் சப்ளை லோடில் வோல்டேஜ் குறைந்ததாக நினைத்து ஏற்றத் தொடங்கும். துருவம் மாறினாலும் அப்படியே. சென்ஸ் பயன்படுத்தும்போது ஓ.வி.பி. இல்லாமல் தொடங்காதீர்கள், சென்ஸ் முனையில் முதலை கிளிப் பயன்படுத்தாதீர்கள். திருகி இறுக்குங்கள் அல்லது சாலிடர் வையுங்கள்.

சப்ளையையே சோதிப்பது

10 ஓம், 25 வாட் ரெசிஸ்டர் ஒன்றை ஹீட்சிங்கில் திருகி மேசையில் வைத்திருங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை 10 வோல்ட், 2 ஆம்பியர் லிமிட்டில் அதை இணையுங்கள்: 1 ஆம்பியர் காட்ட வேண்டும், சி.வி. விளக்கு எரிய வேண்டும். பிறகு லிமிட்டை 0.5-க்கு இறக்குங்கள்: வோல்டேஜ் 5-க்கு இறங்கி சி.சி. எரிய வேண்டும். ரெசிஸ்டரின் 5 விழுக்காடு வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளுங்கள். சி.சி. எரிந்தும் கரண்ட் இறங்கவில்லை என்றால், அல்லது குமிழைத் திருகும்போது எண் தாவித் தாவி ஓடினால், அந்தச் சப்ளையில் போர்டு எதையும் இணைக்க வேண்டாம். தேய்ந்த பொட்டென்ஷியோமீட்டர் (குமிழுக்குப் பின்னால் இருக்கும் மாறும் ரெசிஸ்டர்) ஒரு கணம் தொடர்பிழந்தால் அவுட்புட் உச்சத்துக்குத் தாவும் மாதிரிகளும் உண்டு.

ஃபியூஸ் போனால் பின்புறம் எழுதியுள்ள அதே அளவும் அதே வகையும் போடுங்கள். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள சப்ளையில் பெரும்பாலும் மெதுவாக ஊதும் வகை இருக்கும். வேகமாக ஊதுவதைப் போட்டால் சுவிட்ச் போட்டதும் காரணமில்லாமல் போய்க்கொண்டே இருக்கும், அந்த எரிச்சலில் பெரிய ஃபியூஸ் போடுபவர்கள்தான் டிரான்ஸ்ஃபார்மரை எரிக்கிறார்கள். சரியான ஃபியூஸும் இரண்டாம் முறை உடனே போனால் பழுது உள்ளே இருக்கிறது. பிளக்கை உருவிவிட்டுப் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் பிளக்கை உருவிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும்.